ஆடி அமாவாசைக் கோப்பு

திங்கட்கிழமை, காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடம். வைத்தியசாலையின் நிலக்கீழ்த் தளத்தில் லிஃப்ட் கதவு திறந்தபோது நான் முதலில் கண்டது ஒரு சோடி சப்பாத்து. பெண்கள் போடும் கறுப்புக் குளிர்காலச் சப்பாத்து. பனி ஈரம் இன்னும் காயவில்லை. ஆவணக் காப்பகக் கதவின் இடப்பக்கம், சுவரோடு ஒட்டி, நுனிகள் சமமாக வைக்கப்பட்டிருந்தது. அதற்கு அப்பால் சாம்பல் நிறக் காலுறையோடு ஒரு பெண் நின்றிருந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர். ஒரு பிளாஸ்டிக் கோப்புறையை மார்போடு அணைத்திருந்தார்.

"அண்ணை, நீங்கள் தமிழ்தானே? கீழை ஒரு தமிழ் ஆள் இருக்கிறார் எண்டு வரவேற்பிலை சொன்னவை."

"ஓம். முதல்லை சப்பாத்தைப் போடுங்கோ. நிலம் ஐஸ் மாதிரிக் கிடக்கு."

"உள்ளுக்கு முழுக்கக் கடதாசி எல்லே. மிதிச்சுப் போடக் கூடாது எண்டு பாத்தன்."

அந்த அறையில் பல ஆண்டுகள் வேலை செய்தேன். பேராசிரியர்கள் வந்திருக்கிறார்கள், வழக்கறிஞர்கள் வந்திருக்கிறார்கள், ஒருமுறை தீயணைப்புப் படையே வந்தது. காப்பகத்துக்குள் நுழையச் சப்பாத்தைக் கழற்றிய முதல் ஆள் அவர்தான்.

இந்தக் கதையை இப்போது எழுதக் காரணம் ஒரு கேக். சென்ற மாதம் அந்தக் காப்பகத்தின் கடைசிக் கடதாசித் தட்டு காலியானது. இனி எல்லாம் கணினியில். பழைய ஊழியர்களைக் கோப்பிக்கும் பிளம்ஸ் கேக்குக்கும் அழைத்திருந்தார்கள். கணினி முறையை நிறுவ கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து வந்திருந்த பொறியாளர்களில் ஒருவர் மதுரைக்காரர். பெயர் பிரவீண். என்னோடு தமிழ் பேசக் கிடைத்ததில் அவருக்கு மகிழ்ச்சி.

"அங்கிள், கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல எந்த ஃபீல்டு வெச்சு சர்ச் பண்ணுவீங்க?"

"பெயர், பிறந்த திகதி, அனுமதி இலக்கம்."

"மூணுமே இல்லேன்னா?"

"ஒருக்கால் அமாவாசையை வச்சுத் தேடினம்."

அவர் கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டார். முழுவதையும் எழுதித் தரச் சொன்னார். சம்பந்தப்பட்ட பெண்ணிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டேன். "எழுதுங்கோ, ஆனா பேரை மாத்திப் போடுங்கோ, எனக்குப் பேர் மாறிப் பழக்கம்தானே" என்றார். ஆகவே கீழே வரும் பெயர்கள் எல்லாம் மாற்றப்பட்டவை.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். முதலில் அச்சுப்பிழை பார்த்தேன், பிறகு நீதிமன்றச் செய்தி எழுதினேன். எண்பதுகளில் ஜெர்மனிக்கு, கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினேன். பிறகு மேற்கே கெல்சென்கிர்ச்சன் நகரம். வேலை பக்கத்து ஊரின் பொது வைத்தியசாலையில். சமையலறையில் இரண்டு ஆண்டுகள் தட்டுக் கழுவினேன், கட்டில் தள்ளும் பிரிவில் ஆறு ஆண்டுகள். ஒருநாள் நோயாளியின் கோப்பு ஒன்றை மேலே கொண்டுபோகும்போது அதிலிருந்த இலக்கமும் அட்டையில் இருந்த இலக்கமும் பொருந்தவில்லை என்பதைக் கவனித்துத் திருப்பிக் கொண்டுவந்தேன். அடுத்த மாதம் என்னைக் காப்பகத்துக்கு மாற்றினார்கள். அச்சுப்பிழை பார்த்த கண் அங்கே உதவியது.

மாற்றச் சொன்னவர் திருமதி நோவாக், அந்த ஊர் வழக்கில் 'பிராவ் நோவாக்', காப்பகத்தின் பொறுப்பாளர். உயரமானவர், சுரங்கத் தொழிலாளியின் மகள். கழுத்தில் கண்ணாடியும் இடுப்பில் சாவிக்கொத்தும் எப்போதும் தொங்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. என் பெயர் நடராசா. அவர் வாயில் அது, 'திரு' என்பதற்கான ஹெர் சேர்ந்து, "ஹெர் நடராயா" ஆனது, கடைசிவரை அப்படியே இருந்தது.

ஒருவர் தன் மருத்துவக் கோப்பைப் பார்க்க விரும்பினால் அன்ட்ராக் கொடுக்க வேண்டும். ஒரு பக்க விண்ணப்பம்தான். அடையாள அட்டை, கையொப்பம், எந்தச் சிகிச்சை என்ற விபரம். தன் கோப்பைப் பார்ப்பது நோயாளியின் உரிமை. காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் யாரோ பழைய நிர்வாகி அச்சிட்ட படிவத்தில் 'காரணம்' என்று ஒரு வரி இருந்தது. பிராவ் நோவாக் புதுப் படிவக் கட்டு வந்ததும் அடிமட்டம் வைத்து ஒவ்வொரு படிவத்திலும் அந்த வரியைப் பேனாவால் வெட்டுவார். ஐநூறு படிவம் என்றால் ஐநூறு கோடு. "ஏன் என்று கேட்பது எங்கள் வேலை இல்லை" என்பார்.

அவரிடம் இன்னொரு கருவி இருந்தது. சாம்பல் நிறக் கடின அட்டை, நடுவில் ஒரு விரல் அகலத்துக்குப் பிளவு. பழைய பதிவேடுகளில் ஒரு பக்கத்தில் இருபது பேரின் விபரம் இருக்கும். விண்ணப்பித்தவருக்குத் தன் வரியை மட்டுமே பார்க்க உரிமை. ஆகவே பிராவ் நோவாக் அட்டையைப் பக்கத்தின் மேல் வைத்து, அந்த ஒரு வரி பிளவில் தெரியும்படி நகர்த்துவார். அதற்கு 'ஜன்னல்' என்று பெயர். காப்பகத்தில் எது தொலைந்தாலும் பரவாயில்லை, ஜன்னல் தொலைந்தால் வேலை நிற்கும்.

இந்தப் பெண்ணுக்கு வருகிறேன். அவரை இந்திராணி என்போம். உள்ளே அழைத்து ஹீட்டருக்குப் பக்கத்தில் இருத்தி, சப்பாத்தையும் எடுத்துவந்து காலடியில் வைத்தேன். விண்ணப்பத்தை வீட்டிலேயே நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். சிகிச்சை: குடல்வால் சத்திரசிகிச்சை. ஆண்டு என்ற இடத்தில் எண்பதுகளின் நடுவில் மூன்று ஆண்டுகளை எழுதிக் கேள்விக்குறி போட்டிருந்தார்.

பெயரையும் பிறந்த திகதியையும் வைத்து மூன்று ஆண்டுகளின் பெயர் அட்டைகளையும் பார்த்தேன். இல்லை.

"வராது அண்ணை," என்றார். நான் தேடத் தொடங்கும் முன்பே தெரிந்தவர் போன்ற குரல். "பேரிலை வராது. நாளை வச்சுப் பாருங்கோ."

"என்ன நாள்?"

"ஆடி அமாவாசை. அதுமட்டும் வடிவாத் தெரியும். ஐயா செத்து முதல் விரதம். அகதியள் இருந்த ஹைம்லை பொதுக் குசினி. அகத்திக்கீரைக்கு எங்கை போறது, ஸ்பினாட் வாங்கிச் சமைச்சனான். விடியவே வயித்துக்குத்து. பசிவலி எண்டு எல்லாரும் சொல்லிச்சினம். படையல் முடியுமட்டும் பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டன். சாப்பாட்டுக்கு இருந்த உடனை சரிஞ்சு விழுந்திட்டன்."

"அந்த ஸ்பினாட்டை ஆர் சாப்பிட்டது?"

"பக்கத்து அறைப் பொடியள். ருசியாம்." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கோப்புறையைத் திறந்தார். உள்ளே மகளின் பெயரில் வேறொரு சிறிய சிகிச்சை நிலையத்தின் படிவத்தின் பிரதி இருந்தது. மகளுக்கு இருபத்தாறு வயது. வியாழக்கிழமை தாடையில் சத்திரசிகிச்சை, முழு மயக்கத்தில். படிவத்தில் ஒரு கேள்வி: குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்ததா? 'இல்லை' என்ற பெட்டியில் மகள் நேர்த்தியாகப் புள்ளடி போட்டிருந்தாள்.

"எனக்கு அண்டைக்கு ஏதோ நடந்தது அண்ணை. கண் முழிக்கேக்கை ரெண்டு நாள் போயிட்டுது. வேறை அறை. உடம்பு முழுக்க ஐஸ் பை. போகேக்கை ஒரு டொக்டர் மஞ்சள் அட்டை ஒண்டு தந்து, திருப்பித் திருப்பி ஏதோ சொன்னவர். எனக்கு அப்ப டொச்சிலை நன்றி சொல்லுற 'டாங்கே' மட்டும்தான் தெரியும். டாங்கே சொல்லிப்போட்டு வந்திட்டன்."

"அந்த அட்டை எங்கை?"

"கிழிச்சுப் போட்டன்."

"ஏன்?"

அவர் கோப்புறையை மூடினார். அந்தக் கேள்வியைக் கேட்பது என் வேலையும் இல்லை. ஆனால் ஒன்றைச் சொன்னேன்: கோப்பு கிடைக்கிறதோ இல்லையோ, மகளிடம் இன்றைக்கே சொல்ல வேண்டும்.

"சொன்னா, அவள் முழுக்கக் கேப்பாள். ஒண்டும் பெரிசா இல்லை எண்டு கடதாசியிலை இருந்தா, நான் ஏன் வாயைத் திறப்பான்?"

முப்பது ஆண்டுகள் கடந்த கோப்புகளை அழிப்பது வழக்கம். அவர் சொன்ன மூன்று ஆண்டுகளில் முதலாவது ஏற்கனவே போய்விட்டது. இரண்டாவது ஆண்டு, பத்தொன்பது மரத்தட்டுகளில் அடுக்கி, பிளாஸ்டிக் சுற்றி, நடைபாதையில் நின்றது. புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அரவை லொறி வருவதாக இருந்தது.

எட்டு மணிக்குப் பிராவ் நோவாக் வந்தார். அமாவாசையைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து, நீதிமன்றச் செய்தி போல ஒரே மூச்சில் சொன்னேன்: இறந்த தந்தையருக்காக விரதம் இருக்கும் நாள், ஜூலை நடுவுக்கும் ஆகஸ்ட் நடுவுக்கும் இடையில் நிலவே தெரியாத நாள்.

"புதுநிலவா?" என்றார். "அன்றைக்கு நான் செடி எதுவும் நடமாட்டேன்." அவருக்கு ஊர் எல்லையில் ஒரு சிறு தோட்டம் உண்டு. கணினியைத் திருப்பிக் காட்டினார். நிலவு நாட்காட்டி ஏற்கனவே திறந்திருந்தது. அடுத்த வாரம் தக்காளி விதைப்பதற்காகவாம்.

மூன்று ஆண்டுகளுக்கும் புதுநிலவு நாட்களை எடுத்தோம். முதல் ஆண்டில் ஆடியின் தலையில் ஒன்றும் காலில் ஒன்றுமாக இரண்டு அமாவாசைகள் நின்றன. எது சரி என்று பிராவ் நோவாக் கேட்டார். ஊரிலே இதற்கு இரண்டு பஞ்சாங்கம் இருக்கிறது, இரண்டும் ஒத்துப்போகாது என்றேன். "நல்லது, நான்கு நாட்கள்" என்று எழுதிக்கொண்டார்.

கோப்புகள் அழிந்தாலும் சத்திரசிகிச்சைக்கூடத்தின் பதிவேடுகளை அவர் அழிக்க விட்டதில்லை. தடித்த பச்சைப் புத்தகங்கள், நாள் வரிசையில். நான் ஏணியில் ஏறி எடுத்துக் கொடுத்தேன். ஆனால் என்னைப் பார்க்க விடவில்லை.

"பெயர் இல்லாமல் தேடினால் மற்றவர்களின் வரிகளும் கண்ணில் படும். அது என் பொறுப்பு. என் கண்ணில் மட்டும் படட்டும்."

எங்களுக்கு முதுகு காட்டி நின்று படித்தார். முதல் இரண்டு நாட்களுக்கும் இல்லை என்று தலையாட்டினார். மூன்றாவது நாளில் அவருடைய விரல் நின்றது. ஜன்னலை எடுத்துப் பக்கத்தின் மேல் வைத்தார், ஆனால் புத்தகத்தைத் திருப்பிக் காட்டவில்லை.

"பெண். இருபத்திரண்டு வயது. குடல்வால். மாலை ஏழு இருபது. நாடு: ஸ்ரீலங்கா. ஆனால் பெயர் இது இல்லை." இந்திராணியின் அடையாள அட்டையை விரலால் தட்டினார். "ஹெர் நடராயா, அந்தப் பெயரை நான் சொல்ல முடியாது. அவர் சொல்ல வேண்டும்."

மொழிபெயர்த்தேன். தேவைப்படவில்லை. முப்பது ஆண்டுகளில் இந்திராணிக்கு நல்ல ஜெர்மன் வந்திருந்தது. காலுறைக் காலைச் சப்பாத்துக்குள் நுழைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்.

"அண்ணை, உங்கடை காதிலை சொல்லட்டோ?"

"என்ரை காதுக்கு இங்கை செல்லாது. அவவுக்குச் சொல்லுங்கோ. இது நீதவான் கோடு இல்லை, தங்கச்சி. நான் கோட்டிலை இருந்து நியூஸ் எழுதின ஆள். அங்கை ஆரும் ஹீட்டருக்குப் பக்கத்திலை இருத்தமாட்டினம்."

அவர் எழுந்து நின்றார். பாடசாலையில் பெயர் கூப்பிட்டால் எழுவது போல.

"ஸ்டெல்லா," என்றார்.

கதை எங்கள் ஆட்கள் பலருக்குத் தெரிந்ததுதான். பயண முகவர் கொடுத்த கடவுச்சீட்டு, யாரோ ஒரு ஸ்டெல்லாவுடையது. வந்து இறங்கிய பின்னும் அதே பெயரில் பதிந்துவிட்டார்கள். மஞ்சள் அட்டையிலும் அதே பெயர். சில மாதங்களின் பின் ஒரு வழக்கறிஞர் மூலம் உள்ளதைச் சொல்லித் தன் பெயருக்குத் திரும்பியபோது, பழைய பெயர் இருந்த எல்லாத் தாளையும் பயத்தில் கிழித்தார். உயிர்காக்கும் அட்டையும் அவற்றோடு போனது. அரசாங்கத்துக்கு அது முடிந்துபோன விடயம். கணவருக்கும் தெரியும். மகளுக்கு மட்டும் தெரியாது. தாய் பொய் சொல்லாத ஆள் என்று நம்பி வளர்ந்த பிள்ளை.

பிராவ் நோவாக் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "குடும்பப் பெயர்?" என்றார். அதையும் சொன்னார். "பிறந்த திகதி?" அந்த ஸ்டெல்லாவின் பிறந்த நாளையும் ஒரு கணமும் யோசிக்காமல் சொன்னார். மூன்றும் சரி. பதிவேட்டைத் திருப்பினார். ஜன்னலில் ஒரு வரி. அதன் ஓரத்தில் அனுமதி இலக்கம்.

அந்த இலக்கம் பதினோராவது மரத்தட்டில் இருந்தது. நடைபாதையில் நின்றது, ஆனால் கையெழுத்திட்டு முத்திரை வைத்து ஒப்படைப்புப் பட்டியலில் சேர்த்தாகிவிட்டது. பிராவ் நோவாக் கத்தியை எடுத்து பிளாஸ்டிக்கைக் கீறினார். பிறகு அங்கேயே நின்று புதிய பட்டியலை எழுதத் தொடங்கினார்: தட்டு பதினொன்று, திறந்தவர், திறந்த நேரம், எடுத்தது ஒரு கோப்பு. அதை எழுதி முடிக்கும்வரை கோப்பை என் கையில் தரவில்லை. எட்டு நிமிடம். இந்திராணி அந்த எட்டு நிமிடமும் மூச்சு விட்டாரா என்று எனக்குத் தெரியாது.

கோப்பு வந்தும் முடியவில்லை. பிராவ் நோவாக் அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"ஒருவருடைய பெயரும் பிறந்த நாளும் இன்னொருவருக்குத் தெரிந்திருக்கலாம். இது ஸ்டெல்லாவின் கோப்பு. நீங்கள்தான் அந்த ஸ்டெல்லா என்று எனக்கு எப்படித் தெரியும்?"

குடல்வால் தழும்பைக் காட்டவா என்று இந்திராணி கேட்டார். அது பலருக்கு உண்டு, வேண்டாம் என்றார் பிராவ் நோவாக். ஜன்னலால் மற்றவற்றை மறைத்து, முதல் தாளை மட்டும் தானே பார்த்தார். சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் தரும் படிவம். நெடுநேரம் பார்த்தார்.

"ஹெர் நடராயா, கையொப்பம் இலத்தீன் எழுத்தில் இல்லை."

பிளவில் தெரிந்தது நீல மைக் கையொப்பம். சாய்ந்த தமிழ் எழுத்து. தட்டச்சில் ஸ்டெல்லா என்று இருந்த வரியின் கீழே 'இந்திராணி' என்று தெளிவாக எழுதியிருந்தது. வயிற்றுக்குத்தோடு கட்டிலில் கிடந்தவரிடம் பேனாவைக் கொடுத்திருக்கிறார்கள், அவர் தன் பெயரை எழுதியிருக்கிறார். அந்தக் கட்டடத்தில் அதை வாசிக்க ஒருவரும் இல்லை.

நான் வாசித்துச் சொன்னேன். இந்திராணி வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, அப்படியே எழுதினனான்?"

பிராவ் நோவாக் என் சொல்லை ஏற்கவில்லை. "நீங்கள் இங்கே ஊழியர். அவருடைய நாட்டவர். நீங்களே சாட்சியாக முடியாது." எனக்குச் சற்றுக் கோபம் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை இந்திராணியிடம் கொடுத்து, தமிழில் ஐந்து தரம் கையொப்பமிடச் சொன்னார். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து, கண்ணாடியை மாட்டி, பென்சில் நுனியால் தொட்டுத் தொட்டுப் போனார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் சுழிகளை எண்ணத் தெரியும்." எண்ணினார். முதல் எழுத்தின் கீழ்ச் சுழி, நடுவில் கால் வாங்கும் இடம், கடைசி எழுத்தின் மேல் வளைவு வலப்பக்கம் நீண்டு போவது. ஐந்திலும் ஒன்றேதான், முப்பது ஆண்டுக்கு முந்தியதிலும் ஒன்றேதான். "இந்த வாலை வேறு யாரும் இவ்வளவு நீட்டமாட்டார்கள்," என்று கோப்பிலிருந்து கையை எடுத்தார்.

"பள்ளிக்கூடத்திலை இதுக்குத்தான் அடி வாங்கினனான்," என்றார் இந்திராணி.

இப்போது அவர் காரணத்தைச் சொல்லத் தொடங்கினார். மகள், தாடை, வியாழக்கிழமை. பிராவ் நோவாக் வழக்கம் போலக் கையை உயர்த்தித் தடுத்தார். "காரணம் தேவையில்லை" என்றவர், கையை உயர்த்தியபடியே நின்று, "வியாழக்கிழமையா?" என்று கேட்டார். அவர் ஒருவரிடம் காரணம் கேட்டதற்கு மிக அருகில் வந்தது அந்த ஒரு நாள்தான். உடனே மேல்மாடிக்குத் தொலைபேசி எடுத்தார்.

பத்து நிமிடத்தில் மயக்க மருந்து வைத்தியர் ஒருவர் பச்சை உடையோடு இறங்கி வந்தார். நின்றபடியே மயக்கத் தாளை வாசித்தார். உடல் வெப்பம் நாற்பதைத் தாண்டிய நேரம், தசைகள் இறுகிய நேரம், மாற்று மருந்து கொடுத்த நேரம், எல்லாம் நிமிடக் கணக்கில் இருந்தது. கடைசி வரியில் சிவப்புக் கோடு: மயக்க வாயுவால் வரும் அரிய ஆபத்து என்று சந்தேகம், பரம்பரையில் தொடரலாம், அட்டை வழங்கப்பட்டது.

"மகளுக்குப் பரிசோதனை வேண்டும்," என்றார். "முடிவு வரும்வரை இந்த வாயுக்கள் அவருக்கு வேண்டாம். பெரிய வைத்தியசாலையில், வேறு மருந்து வைத்துச் செய்யலாம். இப்போதே அவரைக் கூப்பிடுங்கள்."

இந்திராணி கைத்தொலைபேசியை எடுத்தார். நிலக்கீழ்த் தளத்தில் சமிக்ஞை இல்லை. பிராவ் நோவாக் தன் மேசைத் தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினார். தனிப்பட்ட அழைப்புக்கு அந்தத் தொலைபேசியை அவர் தந்ததை நான் முன்பும் பின்பும் கண்டதில்லை.

"ஓம் பிள்ளை, அம்மா. ஒண்டுமில்லை. சாப்பிட்டியோ? ... என்ன சாப்பிட்டனி? ... வெறும் பாணோ?"

வைத்தியர் என்னைப் பார்த்தார். காலைச் சாப்பாட்டைப் பற்றி விசாரிக்கிறார் என்றேன். இது எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேட்டார். கொஞ்சம் எடுக்கும் என்றேன்.

"பிள்ளை, கேள். அந்த ஃபோர்முலாரிலை நீ 'இல்லை' எண்டு போட்டது பிழை. உன்ரை பிழை இல்லை. நான் சொல்லேல்லை." பிறகு நின்றபடியே முழுவதையும் சொன்னார். அமாவாசை, ஐஸ் பை, மஞ்சள் அட்டை, ஸ்டெல்லா. நாங்கள் மூவரும் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சொல்லி முடித்தார். மறுமுனையில் ஏதோ சத்தம். இந்திராணியின் முகம் சுருங்கி, பிறகு விரிந்தது.

"சிரிக்கிறாள்," என்றார் எங்களிடம், ஜெர்மனில். மீண்டும் தொலைபேசியில்: "ஓம். ஓம், மற்றப் பேரும் வச்சிருந்தனான். ... இல்லையடி, வேறை ஒண்டும் ஒளிக்கேல்லை. ... வேறை கலியாணமும் இல்லை. ... ஓம், உடனை எடுத்துச் சொல்லு. இப்பவே எடு. அம்மாவோடை பேந்து சண்டை பிடிக்கலாம்."

மகள் அந்த நிமிடமே சிகிச்சை நிலையத்துக்கு அழைத்து சத்திரசிகிச்சைக்கு ஒதுக்கிய வியாழக்கிழமை டெர்மினை இரத்துச் செய்தாள். கோப்பின் பிரதிகளுக்காகக் காத்திருந்த தாயைக் கூட்டிப்போக அன்று மதியமே வந்தாள். காப்பகக் கதவில் நின்று, "பிராவ் ஸ்டெல்லா இருக்கிறாவோ?" என்று கேட்டாள். அவளும் சப்பாத்தைக் கழற்றியிருந்தாள். தாயின் கட்டளை.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு லொறி வந்தது. பதினோராம் தட்டு மீண்டும் சுற்றப்பட்டு மற்றவற்றோடு போனது. ஸ்டெல்லாவின் கோப்பு மட்டும் போகவில்லை. பிராவ் நோவாக் அதன் மேல் 'அழிக்க வேண்டாம்' என்று முத்திரை குத்தி, தன் அலுமாரியில் வைத்தார். அவர் ஓய்வு பெற்றபோது அந்த அலுமாரிச் சாவியை என்னிடம் தந்தார். நான் ஓய்வு பெற்றபோது எனக்குப் பின் வந்தவரிடம் கொடுத்தேன். சென்ற மாதம் பிரவீண் அதையும் கணினியில் ஏற்றினார். எந்தப் பெயரில் என்று கேட்டார். இரண்டிலும் என்றேன்.

மகளுக்குப் பரிசோதனையில் அதே பரம்பரைக் குணம் இருப்பது உறுதியானது. அந்த வியாழக்கிழமைக்கு ஒன்பது வாரங்களின் பின், ஒரு பெரிய வைத்தியசாலையில், வேறு மருந்தோடு சத்திரசிகிச்சை நடந்தது. இந்திராணி கூடத்தின் வெளியே இருந்து ஒரு தாளில் நேரத்தைக் குறித்து வைத்து, எனக்குத் தொலைபேசியில் வாசித்தார். மயக்கம் கொடுத்தது எட்டு ஐந்துக்கு. கண் முழித்தது பதினொன்று இருபதுக்கு.